ப்ளஸ் மட்டும்

என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தையை வாங்க நான் மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். அது பெரிய வார்த்தையும் இல்லை. ‘போய்ட்டு வா.’ மீன் வாங்கப் பாசாருக்குக் கிளம்பினால் சொல்கிற மனிதர், கெப்பாலா பத்தாஸில் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினால் சொல்கிற மனிதர், குப்பை கொட்டக் கீழே இறங்கினால்கூடச் சொல்கிற மனிதர், ஸ்பெயினுக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டார்.

நான் சுலைஹா. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் முப்பது வருஷம் வரலாறு எடுத்தவள். இப்போது ஓய்வு. வீடு சுங்கை பினாங் அடுக்குமாடியில். வீட்டுக்காரர் பஷீர். வெல்ட் கீ பக்கம் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன் ஷஃபீக் சிங்கப்பூரில் இருக்கிறான். இந்த விஷயத்தில் அவனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டபோது, “உம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்கலா, எனக்கு மீட்டிங் இருக்கு” என்று போனை வைத்துவிட்டான். பெற்ற பிள்ளை!

ஸ்பெயின் ஏன் என்று நீங்களும் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். நான் பாடம் எடுத்த காலத்துப் புத்தகத்தில் அந்தலூசியாவுக்கென்று சில பக்கங்கள் இருந்தன. கொர்தோபா நகரம், அதன் நூலகங்கள், பள்ளிவாசலின் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகள். வருஷா வருஷம் அதை ஒப்பிப்பேன். வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது கையைத் தூக்கும். “டீச்சர், நீங்க அங்க போயிருக்கீங்களா?” “இல்ல, உட்காரு.” இப்படி ‘இல்ல, உட்காரு’ சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் கடுப்பாகிவிட்டது. ஓய்வு பெற்றதும் முடிவெடுத்தேன். ஒரு மாதம், தனியாக. வழிகாட்டி கொடியைத் தூக்கினால் ஓடி, கொடியை இறக்கினால் படம் பிடித்து, பஸ்ஸில் தூங்கி வருவதற்கு இல்லை. படிக்க. எனக்கு நானே பாடத்திட்டம் போட்டு, எனக்கு நானே வாத்தியாராக இருந்து படிக்க.

ஐஸ்பெட்டிக் கதவில் ஸ்பெயின் வரைபடத்தை ஒட்டி, ஊருக்கு ஒரு காந்தப் பொம்மையை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

“முதல் வாரம் கொர்தோபா. ரெண்டாவது கிரனாதா, அங்க அரண்மனைக்குள்ள தண்ணி எப்படி ஓடுதுன்னு பாக்கணும். மூணாவது செவில்யா. அங்க கை தட்டக் கத்துக்கப் போறேன்.”

“என்னாது?”

“பிளமெங்கோ ஆட்டம் இருக்குல்ல, அதுக்குக் கை தட்டுறதே தனி வித்தையாம். என் முழங்காலுக்கு ஆட முடியாது. தட்டலாம்ல?”

“கை தட்டக் கத்துக்க ஏரோப்ளேன் ஏறணுமா? கடைக்கு வாலா. பின்னாடி கொசு நெறைய இருக்கு. நானே கத்துத் தர்றேன்.”

நான் பொறுத்துக்கொண்டேன். “நாலாவது வாரம் வலென்சியா. அங்க தட்டையான சட்டியில குங்குமப்பூ போட்டுச் சோறு ஆக்குவாங்க. அதைப் பாக்கணும்.”

புத்தி கெட்டுத்தான் அதைச் சொன்னேன். சோற்றுக் கடைக்காரரிடம் போய், சோறு பார்க்க ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று யாராவது சொல்வார்களா? அவர் முகம் வாழையிலை மாதிரி சுருண்டுவிட்டது.

“சோறு பாக்கவா? காலம்பூரா நான் என்ன மண்ணையா அள்ளிப் போடுறேன்?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அங்க யாரு பாடம் நடத்துறா?” என்று கேட்டார்.

“நானே.”

“பரீட்சை?”

“கிடையாது.”

“சர்டிபிகேட்?”

“கிடையாது.”

“வாத்தியார் இல்ல, பரீட்சை இல்ல, சர்டிபிகேட் இல்ல. இதுக்கு நம்ம ஊர்ல வேற பேரு. ஊர் சுத்துறது.”

மத்தியானத்தில் அங்கே கடைகளை மூடிவிட்டுத் தூங்குவார்கள் என்று நான் சொன்னதும் மனிதர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். “மத்தியானமா? மத்தியானம்தானே கூட்டமே! அந்த ஊர்லயா நீ படிக்கப் போற? காசு மிச்சமா இருந்தா இன்னொரு தடவை உம்ரா போய்ட்டு வா.” ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து மக்கா போய் உம்ரா செய்துவிட்டு வந்தவர்கள்தான். நாற்பது பேர் கொண்ட குழு, முன்னால் கொடி, பின்னால் நான்.

அன்றோடு சரி. ஸ்பெயின் என்று வாயெடுத்தாலே காது கேட்காத மாதிரி இருப்பார். “டிக்கெட் எடுத்துட்டேன்” என்றால், “இன்னைக்குக் குழம்புல புளி கம்மி” என்பார். “புது பாஸ்போர்ட் வந்திருச்சு” என்றால், “முஸ்தஃபா லீவு கேக்குறான்” என்பார். சண்டை போட்டாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். புளியோடு யார் சண்டை போடுவது?

“அவர் சொல்லாட்டி என்னடி? கால்ல விலங்கா மாட்டிட்டாரு? நீ பாட்டுக்குக் கிளம்பு” என்றாள் ஜெகதீஸ்வரி. என்னோடு அதே பள்ளியில் கணக்கு எடுத்தவள், அடுத்த கட்டிடத்தில் இருக்கிறாள். அவள் சொன்னதும் நியாயம்தான். டிக்கெட் என் ஓய்வூதியத்தில் எடுத்தது. ஆனால் கல்யாணமான முப்பத்திரண்டு வருஷத்தில் ‘போய்ட்டு வா’ கேட்காமல் நான் வாசல் தாண்டியதில்லை. சட்டி பறந்த நாளில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லிவிடுவார். அந்த வார்த்தை இல்லாமல் அத்தனை தூரம் விமானத்தில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. போகவும் வேண்டும், அவர் அனுப்பியும் வைக்க வேண்டும். பேராசைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் பேசாவிட்டால் பாடம் நின்றுவிடுமா? போனில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன். மீன் வெட்டும்போது எண்ணிக்கை, துணி காயப்போடும்போது நலம் விசாரிப்பு. கிரனாதா மேட்டு நிலம் என்று படித்ததால் நடைப் பயிற்சியும் தொடங்கினேன். வெள்ளைக் காலணி வாங்கி, முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தினம் காலையில் எஸ்பிளனேட் கடலோரம் போய்த் திரும்பித் திரும்பி நடந்தேன்.

அங்கேதான் நோர்மாவின் கண்ணில் பட்டேன்.

நோர்மா என் வீட்டுக்காரரின் தங்கை. அவளிடம் ஒரு செய்தியைச் சொன்னால், ரேடியோவில் சொன்ன மாதிரி, பேட்டரிச் செலவு மட்டும் இல்லை. என் காலணியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், போன இடத்துக்கே திரும்பித் திரும்பி நடப்பதைப் பார்த்தாள்.

“அண்ணி! எங்க போறீங்க? சொல்லவே இல்லியே!”

“ஸ்பெயினுக்கு” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“மாஷா அல்லாஹ்! உம்ரா ப்ளஸ்ஸா?”

எங்கள் ஊர்ப் பயண ஏஜெண்டுகளின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உம்ராவோடு இன்னொரு நாட்டையும் ஒட்டி விற்பார்கள். உம்ரா ப்ளஸ் துருக்கி, உம்ரா ப்ளஸ் ஜோர்டான், உம்ரா ப்ளஸ் ஸ்பெயின். முதலில் மக்கா, மதீனா. பிறகு போகிற போக்கில் அந்த நாடு.

“உம்ரா இல்ல நோர்மா. ஸ்பெயின் மட்டும்.”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “ப்ளஸ்ஸை மட்டும் தனியா எவன் அண்ணி விப்பான்?”

“நான் எவன்கிட்டயும் வாங்கல. நானே போறேன்.”

“சரி சரி, புரியுது. மனசுல வச்ச நிய்யத்தை வெளிய சொல்லாம வச்சிக்கிறதுதான் நல்லது” என்று என் கையைப் பிடித்து முத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அரிசி மூட்டையோடு நான் அப்படியே நின்றேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த நாளே பக்கத்து வீட்டு அதிரா தன் மகள் பரீட்சையில் தேற மக்காவில் துவாச் செய்யச் சொன்னாள். மீன்காரர் அங்கிருந்து ஸம்ஸம் தண்ணீர் கேட்டார். நான் ஸ்பெயின், ஸ்பெயின் என்று கத்தக் கத்த, “எவ்வளவு அடக்கம் பாருங்க டீச்சருக்கு” என்று என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஜெகதீஸ்வரி எனக்காகச் சாட்சி சொல்லப் போனாள். “அவ நெஜமாவே ஸ்பெயினுக்குத்தாங்க போறா” என்றாளாம். “அக்கா, இது எங்க விஷயம், உங்களுக்குப் புரியாது” என்று அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரரிடமாவது சொல்லி ஊரைத் திருத்தலாம் என்று கடைக்குப் போனேன். கல்லாவுக்கு முன்னால் நாலைந்து பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். “வீட்டுல உம்ரா போறாங்களாமே, பஷீர் நானா!” என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “ஆமா ஆமா, துவாச் செய்யுங்க” என்கிறார்! மூன்று மாதமாகப் புளியைத் தவிர வேறு பேசாத வாய்!

“என்னங்க இது?” என்றேன், கூட்டம் போன பிறகு.

“நான் என்ன செய்ய? அவங்களா நெனைச்சுக்கிட்டாங்க.”

“நீங்க இல்லன்னு சொல்லலாம்ல?”

“சொன்னா நம்பவா போறாங்க?” என்று சொல்லிவிட்டுக் கோழிப் பொரியலை எண்ணத் தொடங்கினார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

நான் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது நோர்மா கெண்டூரி விருந்து வைத்துவிட்டாள். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துத் திறந்த கூடத்தில், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, துவாவும் நெய்ச்சோறும். சமையல் அண்ணன் கடை, அழைப்பு தங்கை வாய். என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார்கள், கல்யாணப் பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி. இறங்கிப் போகாமல் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொள்வோமா என்று யோசித்தேன். பிறகு, அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

சொல்ல விட்டால்தானே? உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்களிடம் வந்து மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்ததைச் சொல்லி, மன்னிப்பு வாங்கி, மனசில் குறையில்லாமல் அனுப்பி வைப்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். முதல் ஆள் நோர்மா.

“அண்ணி, உங்க கல்யாணப் பட்டுல மஞ்சக் கறை பட்டிச்சே, ஞாபகம் இருக்கா?”

“பூனை குழம்பைத் தட்டிவிட்டதுதானே?”

“பூனை இல்ல அண்ணி. நான். சும்மா கட்டிப் பாத்தேன். அப்பப் பாத்து பசிச்சிச்சு.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தப் பூனையை நான் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பாவமும் அறியாத ஜீவன்! ஆனாலும் சபையில் எல்லோரும் பார்க்கிறார்கள். “மாப்புச் செஞ்சேன்” என்றேன், பல்லுக்கு நடுவில்.

அடுத்து அதிரா. என் வீட்டு வாசலில் அடிக்கடி கிடக்கும் குப்பைப் பை அவளுடையதாம். கீழே போக லிப்ட்டுக்கு நிற்கச் சோம்பலாம். அதற்கடுத்து, கடையில் மேஜை பார்க்கும் முஸ்தஃபா. “டீச்சர், நீங்க போன் பண்ணி மீன்தலை எடுத்து வைன்னு சொல்லும்போதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்வேன்ல? முடியல டீச்சர். நான்தான் சாப்பிட்டேன்.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கி வந்தேன். அல்லாஹ் அறிய, வாயையும் திறந்தேன். ஆனால் பூனையும் மீன்தலையும் வெளியே வந்த பிறகு, அடுத்து என்ன வருமோ என்று ஒரு ஆசை. இன்னும் இரண்டு பேர், இன்னும் ஒரே ஒரு ஆள் என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் எழுந்திருப்பீர்களா?

வரிசைக் கடைசியில் ஜெகதீஸ்வரி நின்றாள்.

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ எதுக்குடி வந்த?”

“எல்லாரும் சொல்றாங்க, எனக்கும் வாய் அரிக்குது. டைம்டேபிள் போட்டது நான்தான்டி. பதினோரு வருஷம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் உனக்கே போட்டது தற்செயல் இல்ல.”

நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவளை அடித்திருப்பேன்.

அதற்குள் பள்ளிவாசல் இமாம் ஹக்கீம் ஹஜ்ரத் வந்து துவா ஓதினார். நல்ல குரல். கூட்டம் ஆமீன் சொன்னது. முடிந்ததும் அவர், “பஷீர், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பி வைங்க” என்றார்.

இவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். சபையில் இவர் பேசி நான் பார்த்ததே இல்லை. கல்லாவுக்குப் பின்னால் பேசுவதோடு சரி. தொண்டையைச் செருமினார்.

“சுலைஹாவால எனக்கு ஒரு குறையும் இல்ல. முப்பத்திரண்டு வருஷமா என் கோபத்தையும் என் கடையையும் தாங்கிக்கிட்டா. மனசார அனுப்பி வைக்கிறேன்.” என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது. “போய்ட்டு வா.”

கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். நோர்மா வாய்விட்டே அழுதாள்.

மூன்று மாதம் நான் காத்திருந்த வார்த்தை. சபையறியச் சொல்லிவிட்டார். பேசாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு விமானம் ஏறியிருக்கலாம். புத்தியுள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அந்த வார்த்தை எனக்குச் சொன்னது இல்லையே! மக்காவுக்குப் போகிற எவளோ ஒரு சுலைஹாவுக்குச் சொன்னது.

“எந்த ஊருக்கு?” என்றேன்.

“என்ன?”

“எந்த ஊருக்குப் போய்ட்டு வரச் சொல்றீங்க? ஊர் பேரைச் சொல்லுங்க.”

அவர் முகம் வெளிறியது. “மக்காவுக்குத்தான் டீச்சர்” என்று முஸ்தஃபா உதவிக்கு வந்தான்.

“உன்னைக் கேக்கல. நீ மீன்தலையைத் தின்னுட்டு வாயை மூடு.” எழுந்து நின்றேன். முப்பது வருஷம் வகுப்பைக் கட்டிப்போட்ட குரல், ஓய்வு பெற்றாலும் அது ஓயவில்லை. “எல்லாரும் கேட்டுக்குங்க. நான் மக்காவுக்குப் போகல. அல்லாஹ் ஒரு தடவை கூப்பிட்டான், போனேன். திரும்பக் கூப்பிட்டா ஓடுவேன். இப்பப் போறது ஸ்பெயினுக்கு. படிக்கப் போறேன், தனியாப் போறேன். உம்ரா ப்ளஸ் இல்ல. ப்ளஸ் மட்டும்!”

நோர்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

“அப்ப நான் பூனையைப் பத்திச் சொன்னது?” என்றாள் நோர்மா.

“சொன்னது சொன்னதுதான்.”

“அது எப்படி? உம்ரான்னு நெனைச்சுல்ல சொன்னேன்? நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“நானும்” என்றாள் அதிரா. “அந்தக் குப்பை என்னுது இல்ல.”

“நான் வாங்க மாட்டேன்” என்றாள் ஜெகதீஸ்வரி. “எனக்கு ஸ்பெயின்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.”

எல்லோரும் ஹஜ்ரத்தைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவினார். “பயணம் போறவங்களுக்காக ஓதின துவா. எந்த ஊருன்னு நான் சொல்லி ஓதல, அதைத் திருப்பி வாங்கவும் எனக்குத் தெரியாது. நெய்ச்சோறு ஆறுது. உட்காருங்க.”

நெய்ச்சோற்றுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கு இருக்கிறது? உட்கார்ந்துவிட்டார்கள். முதல் கவளம் உள்ளே போகும்வரை என்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேச்சு. ஒரு பொம்பளை தனியாவா, இந்த வயசிலயா, பஷீருக்குத் தலைகுனிவாச்சே. இரண்டாவது கவளத்தில், “ஸ்பெயின்ல குங்குமப்பூ நல்லா இருக்குமாமே?” என்று ஒரு குரல். மூன்றாவதில் ஸம்ஸம் கேட்டவர்களெல்லாம் குங்குமப்பூவுக்கு மாறிவிட்டார்கள். மீன்காரருக்கு ஆலிவ் எண்ணெய். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

என் வீட்டுக்காரரை மட்டும் காணோம்.

கூடத்துக்குப் பின்னால், குழம்புத் தேக்சாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, கிண்டத் தேவையில்லாத குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். விட்டேனா நான்?

“ஊர் சிரிக்கும்னு பயந்துதானே வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? பொண்டாட்டி உம்ரா போனா கௌரவம், ஸ்பெயின் போனா கேவலம். அப்படித்தானே?”

“இல்ல.”

“பின்ன?”

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரிஞ்சு நூறு பேர் மக்காவுக்குப் போயிருக்காங்க. பேரீச்சம்பழத்தைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் திரும்பி வந்தாங்க. ஸ்பெயினுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்த ஒருத்தரைக்கூட எனக்குத் தெரியாது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “அதுக்கு?”

“வீட்டுல இருக்கும்போதே நீ அங்கதான் இருக்க, சுலைஹா. மீன் வெட்டும்போது அந்தப் பாஷையில என்னமோ சிரிக்குற. ஐஸ்பெட்டியைத் திறக்க வந்தா அரை மணி நேரம் கதவைப் பாத்துக்கிட்டு நிக்குற. உன்னை இப்படிச் சந்தோஷமா நான் பாத்து எவ்வளவு காலமாச்சு?” கரண்டி தேக்சா அடியைச் சுரண்டியது. “அங்க போய் உனக்குப் பிடிச்சுப் போச்சுன்னா? இங்க என்ன இருக்கு? நானும் இந்தக் குழம்பு வாடையும்தானே? உம்ரான்னு அவங்க சொன்னப்ப, எனக்கும் அப்படியே இருந்துறட்டும்னு தோணிச்சு. உம்ராவுக்குப் போனவங்க வந்துருவாங்க.”

மூன்று மாதம்! இதைச் சொல்ல மூன்று மாதம், ஒரு தேக்சா குழம்பு, ஊர் முழுக்க மாப்பு! எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிவிட்டேன். அவரை அடிக்கவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை. பின்னால் மீன்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறிவு இருக்கா உங்களுக்கு? வராம எங்க போவேன்?”

“எப்படித் தெரியும்?”

“அங்க நான் திட்டினா யாருக்குப் புரியும்? நீங்க இல்லாம யாரைத் திட்டுவேன்? ஒரு மாசமே தாங்குமான்னு நானே பயந்துபோய் இருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீரும் உதட்டில் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கூடத்துக்கு நடுவில் போய் நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“கேட்டுக்குங்க” என்றார். மத்தியானக் கூட்டத்தில் ஆர்டர் சொல்கிற அதே குரல். “என் வீட்டுக்காரி ஸ்பெயினுக்குப் போறா. தனியாப் போறா. படிக்கப் போறா. கை தட்டக்கூடக் கத்துக்கப் போறா. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?”

நோர்மா மட்டும் இன்னும் கொஞ்சம் கறி கேட்டாள்.

அவர் என்னிடம் திரும்பி வந்தார். இந்தத் தடவை சபைக்காகச் சொல்லவில்லை. பாசாருக்குக் கிளம்பும்போது சொல்கிற மாதிரி, மெதுவாக, சாதாரணமாகச் சொன்னார்.

“ஸ்பெயினுக்குப் போய்ட்டு வா.”

எந்தப் பேச்சுக்கும் மறுபேச்சு வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு வாய் அடைத்துப்போய், கையில் குழம்புக் கரண்டியோடு நின்று அழுதேன்.

“வர்றேன்” என்றேன்.